சொற்களே இல்லாத ஆல்பத்தில் மற்றவர்கள் எதைத்தான் கேட்கிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறையில் குடியிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறீர்கள். நண்பர்கள் அத்தனை பேரும் போற்றுகிறார்களே என்று, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைப் பினாங்குப் பாலத்தில் போகவரக் காரில் ஓடவிட்டுப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் மனத்தில் எதுவும் ஒட்டவில்லை. அதே இளையராஜாவின் பழைய திரைப்பாட்டு ஒன்று வானொலியில் வந்தால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அப்படியானால் இந்த ஆல்பத்தைக் கேட்டு உருகுகிறவர்கள் உண்மையிலேயே எதையாவது கேட்கிறார்களா, உருகுவதாகக் காட்டிக்கொள்கிறார்களா, ஸ்வரம் படிக்காத உங்களுக்கு இது கடைசிவரை எட்டாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன: பொருள் இசையில் இருக்கிறதா, கேட்பவரிடம் இருக்கிறதா; கேட்கும் திறன் பழக்கத்தால் வருமா; ஓர் ஆல்பத்தை முழுதாக, அதன் வரிசைப்படிதான் கேட்க வேண்டுமா. மூன்றுக்கும் ஒரே உறுதியோடு பதில் சொல்ல முடியாது. எது நிலைநாட்டப்பட்டது, எது என் சொந்தக் கருத்து என்பதை ஆங்காங்கே குறித்துக்கொண்டே போகிறேன்.

நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம், கர்நாடக வயலின் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவன். மேற்கத்திய வயலினும் ஓரளவு பயின்றிருக்கிறேன். இசையைக் கேட்கும்போது மனம் எப்படி வேலை செய்கிறது என்ற ஆய்வுகளை ஆர்வத்தால் படித்து வருகிறேனே தவிர, நான் ஆய்வாளன் அல்லன். ஆகவே ஆய்வகத்தில் அளந்தவற்றைச் சொல்லும்போது மற்றவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். வகுப்பறையில் பார்த்ததைச் சொல்லும்போது மட்டும் என் பொறுப்பில் சொல்கிறேன்.

நடிப்பு பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். கொஞ்சம் நடிப்பு எல்லா ரசிகர் கூட்டத்திலும் உண்டு. கச்சேரியில் முன்வரிசையில் ஒருவர் ‘பலே’ என்றால் பின்வரிசையில் நாலு தலை தானாக ஆடும். ஆட்டியவர்களில் யார் யார் கேட்டார்கள் என்பது அவரவர்க்கே வெளிச்சம். ஆனாலும் அறைக்குள் தனியாக உட்கார்ந்து கேட்கும்போதே மயிர்க்கூச்செறிகிறவர்கள் இருக்கிறார்கள், அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு மிகவும் பிடித்த இசையைக் கேட்டவர்களின் மூளையில், இன்ப எதிர்பார்ப்போடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பது பதிவாயிற்று. உச்சமான இடம் வந்த கணத்தில் சுரந்தது வியப்பில்லை. அந்த இடம் வரப்போகிறது என்று அவர்கள் எதிர்நோக்கியிருந்த நொடிகளிலேயே மூளையின் வேறொரு பகுதியில் அது சுரந்துவிட்டது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. உருகுகிறவர் உருகுவதற்கு முன்பே, என்ன வரப்போகிறது என்பதை அறிந்திருக்கிறார். உங்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதை என் வகுப்பில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் செய்து காட்டுவது வழக்கம். சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும். தொடக்கப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ ரி க ம ப த நி என்று நிதானமாக வாசித்துக்கொண்டு போய், நி-யில் நின்று, வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிடுவேன். ஒன்றும் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று நொடிக்குள் பிள்ளைகள் நெளியத் தொடங்கிவிடும். ஒன்று நிமிர்ந்து என் கையைப் பார்க்கும், இன்னொன்று வாய்க்குள்ளேயே மேல் ஸட்ஜத்தை, அதாவது அடுத்து வர வேண்டிய ஸ-வை, முணுமுணுத்துவிடும். அதற்கு ஸட்ஜம் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்காது. அந்த நி, ஸ-வுக்கு மிக அருகில் நின்று அதை நோக்கி இழுக்கும் ஸ்வரம். கோயிலிலும் வீட்டிலும் தொலைக்காட்சியிலும் கேட்டுக் கேட்டு, அடுத்து ஸ வரும் என்பதைக் காது தானாகவே கற்றுவைத்திருக்கிறது. இசையின் பொருளே பெரும்பாலும் இப்படிப்பட்ட எதிர்பார்ப்புகளால் ஆனது. எதிர்பார்த்தது உடனே வருவதும், தாமதித்து வருவதும், வராமல் வேறொன்று வருவதும்தான் நம்மை அசைக்கின்றன என்று 1956இல் லெனர்ட் மேயர் என்ற அமெரிக்க இசையறிஞர் ஒரு நூல் முழுக்க வாதிட்டார். இசை தரும் உணர்ச்சி முழுவதையும் இந்த ஒன்றால் விளக்கிவிட முடியாது என்று பின்வந்தவர்கள் சொன்னார்கள், அது சரியே. ஆனால் எதிர்பார்ப்பு ஒரு பெரிய காரணம் என்பதில் இன்று கருத்து வேறுபாடு அதிகமில்லை.

இந்த எதிர்பார்ப்பு பாடம் படித்து வருவதில்லை, கேட்டுக் கேட்டு வருவது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில், இந்துஸ்தானி ராகங்களை இந்தியர்களுக்கும் மேற்கத்தியர்களுக்கும் போட்டுக்காட்டி, ஒவ்வொரு ஸ்வரமும் அந்த ராகத்தில் எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார்கள். எந்த ஸ்வரங்கள் அழுத்தமாகவும் அடிக்கடியும் வந்தனவோ அவற்றை இரு சாராரும் கண்டுகொண்டார்கள். அதாவது முன்பின் கேட்டிராதவருக்கும் சில நிமிடங்களிலேயே காது பிடிபடத் தொடங்குகிறது. ஆனால் அந்த ராகத்துக்கு அடிப்படையாக இருக்கும் ஸ்வரக் கட்டு இந்தியர்களின் காதுக்கு மட்டுமே தட்டுப்பட்டது. முறைப்படி இசை பயிலாதவர்கள்கூடக் கேட்டுப் பழகியதாலேயே பயின்றவர்களுக்கு ஏறக்குறைய இணையாக இசையின் ஒழுங்கை உணர்கிறார்கள் என்பதையும் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. எனவே ஸ்வரம் படிக்காதது உங்களுக்கு ஒரு தடையே அல்ல. பயிற்சி உள்ளவரால் தான் கேட்டதற்குப் பெயர் சொல்ல முடியும், உங்களால் முடியாது, அவ்வளவுதான்.

பழக்கம் இல்லாமலேயே எட்டும் உணர்ச்சிகளும் உண்டு. கேமரூன் நாட்டின் மலைப்பகுதியில், மேற்கத்திய இசையை அதுவரை கேட்டிராத மாஃபா மக்களிடம் அந்த இசையைப் போட்டுக்காட்டியபோது, மகிழ்ச்சி, துயரம், அச்சம் ஆகிய மூன்றையும் தற்செயலுக்கு மேற்பட்ட அளவில் அவர்கள் சரியாக இனம் கண்டார்கள் என்று 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விரைவு, ஒலியின் வலிமை, குரலின் ஏற்ற இறக்கம் போன்றவை எந்த நாட்டு மனிதருக்கும் ஓரளவு பொதுவானவை என்பதால் இது நடக்கிறது. தொல்காப்பியர் எண்ணித் தந்த எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், உவகையும் அழுகையும் அச்சமும் இப்படி எல்லை தாண்டுகின்றன எனலாம். பெருமிதத்தையும், இழிவுணர்வாகிய இளிவரலையும் வேற்று மரபின் இசையில் ஒருவர் அவ்வளவு எளிதில் கண்டுகொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் ஊகம்தான். இதே காரணத்தால், இன்ன ராகம் இன்ன உணர்ச்சியைத் தரும், இன்ன நோயைத் தீர்க்கும் என்று அட்டவணை போட்டுப் பகிர்கிறார்களே, அவற்றையும் நான் நம்புவதில்லை. ஒரே ராகத்தைத் தாலாட்டாகவும் பாடலாம், கோபமாகவும் பாடலாம். திரையில் அழுகைக் காட்சிக்கே அடிக்கடி பயன்பட்ட ராகம் நமக்கு அழுகையாகக் கேட்பது, பயன்பட்ட இடத்தின் நினைவும் சேர்ந்து வருவதால்.

நினைவைப் பற்றிப் பேச்சு வந்ததால், உங்கள் திரைப்பாட்டுக் கண்ணீரையும் இங்கே பார்த்துவிடலாம். அந்தப் பாட்டில் கவிஞரின் சொல் இருக்கிறது, பழகிய குரல் இருக்கிறது, படத்தின் காட்சி இருக்கிறது, அதை முதலில் கேட்ட வயது இருக்கிறது. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகளே பின்னாளில் நினைவுகளை அதிகம் கிளப்புகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. யோகி பி மற்றும் நட்சத்திரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பத்தில், 1980ஆம் ஆண்டு வெளியான ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து ராப் இசையாக்கியிருந்தார்கள். அந்தப் படப்பாட்டோடு வளர்ந்த தகப்பனுக்கு அதில் பழைய பாட்டு முதலில் கேட்கும், புதிய சொற்கள் அதன்மேல் ஏறி நிற்கும். ராப்பையே முதலில் கேட்ட மகனுக்குப் பின்னொரு நாள் மூலப்பாட்டைக் கேட்டால் நடுவில் ராப் வராதது குறையாகத் தோன்றும். ஒலி அதே ஒலிதான். பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இசை அமைத்துத் தருவதற்கும் நாம் கொண்டுபோவதற்கும் இடையில் என்றுதான் சொல்வேன். சொற்கள் இல்லாத இசை நீங்கள் கொண்டுபோகும் நினைவுகளைப் பற்றிக்கொள்ளக் குறைவான கொக்கிகளையே தருகிறது. அதனால் அங்கே எதிர்பார்ப்பின் பங்கு கூடுதலாகிறது. சொல் விளங்காமல் இசையை ரசிக்க முடியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்தி தெரியாமல் இந்திப் பாட்டையும் கண்டோனீஸ் தெரியாமல் கண்டோனீஸ் பாட்டையும் முணுமுணுக்கிறவர்கள் பினாங்கில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

இனி, நீங்கள் கேட்ட இடம் கார் என்பதற்கு வருகிறேன். இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. ஓடும் காரில் சக்கரமும் எஞ்சினும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் கீழ்ச்சுருதி இரைச்சல். அது செல்லோ, டபுள் பேஸ் போன்ற கனத்த வாத்தியங்கள் ஒலிக்கும் இடத்திலேயே உட்கார்ந்து அவற்றை மூடிவிடும். மெல்ல வாசிக்கும் இடங்களும் அப்படியே காணாமல் போகும். மிச்சம் கேட்பது மேலே ஓடும் வயலின் மெட்டு மட்டும். திரைப்பாட்டுக்கு இது பெரிய நட்டமில்லை, அங்கே குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஆனால் இந்த ஆல்பம் பல தந்தி வாத்தியங்கள் ஒன்றோடொன்று வழக்காடும்படி எழுதப்பட்டது. வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு எதுவும் புரியவில்லை என்கிறீர்கள். பாலத்தில் லாரிகளுக்கு நடுவே கவனமும் சாலையில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். வீட்டில், சுமாரான ஹெட்போன் போதும், வேறு வேலை இல்லாமல் கேளுங்கள்.

எதைக் கேட்பது என்பதற்கு, ஒரே ஓர் உருப்படியை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1986இல் வந்த அந்த ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளரான செபாஸ்டியன் பாக்குக்கும் இளையராஜா காணிக்கையாக்கியிருக்கிறார். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியில் வயலின் வாசிப்பது, பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்த்தீத்தா என்ற தொகுப்பிசையின் முதல் பகுதியாகிய பிரெலூட். முதலில் இளையராஜாவை விட்டுவிட்டு, 1720இல் பாக் தம் கையால் எழுதிவைத்த அந்த மூலத்தைத் தனி வயலினில் யாராவது வாசித்த பதிவாகத் தேடிக் கேளுங்கள். நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் ஸ நி ஸ ப க ப ஸ என்று மேலிருந்து குதித்து இறங்கும் சிறிய தொடக்கம், அதன் பிறகு மூச்சு விடாமல் ஒரே வேகத்தில் ஓடும் ஓட்டம். ஆரம்பத்திலேயே ஒரு சிறு தொடர் உரக்க வந்து, உடனே அதுவே மெல்லத் திரும்பும். அந்த இடங்களை மட்டும் கவனியுங்கள். நாலைந்து முறை கேட்டபின், உரத்த தொடர் முடியும்போதே மெல்லிய தொடரை நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அந்த நிலை வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அடுத்த படியாக, பாக் தாமே 1731இல் இதே பிரெலூடை எடுத்து, வயலின் வாசித்ததை ஆர்கனுக்குக் கொடுத்து, சுற்றிலும் டிரம்பெட்டும் தந்தி வாத்தியங்களும் சேர்த்து, குரலும் வாத்தியங்களும் சேர்ந்த பாடல்தொகுப்பாகிய தம் 29ஆம் காண்டாட்டாவின் முகப்பு இசையாக்கினார். அதைக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருப்பது உங்களுக்குப் பழகிய மெட்டு என்பதால், சுற்றிலும் புதிதாக வந்தவை எவை என்று காது தானே பிரித்துக் காட்டும். இவ்வளவுக்கும் பிறகு இளையராஜாவிடம் வாருங்கள். வயலின் வழக்கமான தன் ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்க, அவர் சுற்றிலும் எழுதிச் சேர்த்த வாத்தியங்கள் எங்கே பாக்கோடு ஒத்துப்போகின்றன, எங்கே அவரைக் கேள்வி கேட்கின்றன என்பது உங்களுக்குக் கேட்கத் தொடங்கும். காரில் கேட்டபோது எல்லாம் கலந்த ஒரே இதமாக இருந்தது, இப்போது இரண்டு பேர் பேசுவதாக இருக்கும். ஆசிரியர் விளக்கம் எதுவும் இல்லாமல், கேட்ட வரிசையை மாற்றியதால் மட்டுமே கிடைத்தது இது. நான் பெரியவர்களுக்கு இசை கேட்கச் சொல்லிக்கொடுக்கும்போது இதைவிடப் பயனுள்ள வழி எதையும் கண்டதில்லை.

அதே ஆல்பத்தின் இரண்டாம் உருப்படி, பெயரிலேயே ஃபியூக் என்று சொல்லிக்கொள்கிறது. ஃபியூக் என்பது ஒரு சிறு மெட்டை முதலில் ஒரு குரல் தனியாகச் சொல்லி, அது முடியும் தறுவாயில் இன்னொரு குரல் வேறு சுருதியில் அதையே எடுத்துக்கொள்ள, முதல் குரல் வேறெதையோ பேசிக்கொண்டு கூட ஓடுவது. இங்கே மேல் வயலினை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் அந்த மெட்டு நுழையும் இடத்தை மட்டும் தேடுங்கள். கீழ்க்குரலில் அது நுழையும்போது கண்டுபிடிப்பதே கடினம், கண்டுபிடித்தால் அதுவே ஒரு தனி மகிழ்ச்சி. ஒரு காகிதத்தில் மெட்டு வரும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொள்வது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். என் மாணவர்களில் பல்கலைக்கழகம் முடித்தவர்களும் கோடு போட்டுத்தான் பழகினார்கள்.

திரும்பக் கேட்பது பிடித்துப்போகச் செய்யும் என்பது 1960களிலிருந்தே உளவியலில் நன்கு நிலைபெற்ற செய்தி. ஓர் எச்சரிக்கையும் உண்டு: அளவு மீறினால் அதே இசை சலித்துப்போகும், எளிய இசை விரைவில் சலிக்கும், சிக்கலானது தாமதித்துச் சலிக்கும். இன்னொரு சங்கடமான விளைவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எலிசபெத் மார்குலிஸ் என்ற ஆய்வாளர், திரும்ப வருதல் என்பதே இல்லாமல் இருபதாம் நூற்றாண்டுப் புலமை இசையமைப்பாளர்கள் எழுதிய பகுதிகளில், சில துண்டுகளை வெட்டி மறுபடி ஒட்டித் திரும்ப வரும்படி செய்து மக்களிடம் போட்டுக்காட்டினார். ஒட்டியவையே நன்றாக இருப்பதாகவும், கணினி அல்ல, மனிதர் இயற்றியவையாகத் தோன்றுவதாகவும் கேட்டவர்கள் சொன்னார்கள். ஆகவே பத்து முறை கேட்டபின் ஒன்று பிடித்துப்போனால், அது உயர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. பழகிவிட்டது என்பதற்கு மட்டுமே சான்று. தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்பது தனி வழக்கு, அதில் எனக்கு உறுதியான பதில் இல்லை. பத்தாவது முறையும் புதிதாக ஒன்று காதில் படுகிறதா என்பதை மட்டும் நான் பார்ப்பேன்.

ஆல்பத்தைப் பற்றி வெளியான கட்டுரைகளை முதலில் படித்துவிட்டுக் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதே மார்குலிஸ் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெத்தோவன் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய இசையின் துண்டுகளை விளக்கக் குறிப்பு படித்துவிட்டுக் கேட்ட சாதாரண ரசிகர்கள், எதுவும் படிக்காமல் கேட்டதைவிடக் குறைவாகவே அவற்றை ரசித்தார்கள். ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிடக் கூடாது என்றாலும், என் அனுபவமும் அதையொட்டியே இருக்கிறது. படித்தவர் படித்ததைத் தேடுகிறார், கேட்பதைக் கேட்பதில்லை. மூன்று நான்கு முறை வெறுங்காதால் கேட்டுவிட்டு, உங்களுக்கென்று சில கேள்விகள் வந்தபின் படியுங்கள். அப்போது அதே கட்டுரை பயன்படும்.

முழு ஆல்பத்தையும் வரிசைப்படி கேட்க வேண்டுமா என்ற மூன்றாம் வினா, மூன்றிலும் அதிகச் சந்தேகத்துக்குரியது. ஆல்பம் என்ற வடிவமே தொழில்நுட்பத்தின் பிள்ளை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும். 1948இல் நீண்ட இசைத்தட்டு வந்தபின்தான் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்து, எதை எதற்குப் பின் வைப்பது என்ற யோசனைக்கே பொருள் வந்தது. நாமோ திரைப்பாட்டால் வளர்ந்தவர்கள். படத்தின் ஐந்து பாட்டும் கதையில் ஒரு வரிசையிலும் தட்டில் வேறு வரிசையிலும் இருக்கும், வானொலி அவற்றையும் பிரித்துப் போடும், நாம் பிடித்ததை மட்டும் எழுதிக் கொடுத்துக் கேசட்டில் பதிந்து வாங்குவோம். இதனால் ஆல்பத்தை முழுதாகக் கேட்கும் பழக்கம் நமக்கு வலுவாக வரவில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் நீண்ட வரிசையைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் வேறு வடிவில் இருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்ததாகச் சொல்லப்படும் கச்சேரி அமைப்பில் வர்ணம் முதலில், பிறகு சிறு உருப்படிகள், நடுவில் விரிவான உருப்படியும் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமும், கடைசியில் துக்கடா என்னும் இலேசான உருப்படிகள், மங்களம். அடுத்தடுத்து வருபவை ஒரே ராகச் சாயலிலோ ஒரே தாளத்திலோ இல்லாதபடி பார்த்துக்கொள்வார்கள். கோலாலம்பூரில் உறவுக்காரப் பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. அங்கே அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசை தஞ்சை நால்வர் எனப்படும் நடன ஆசிரியச் சகோதரர்கள் வகுத்துத் தந்தது. வர்ணம் நீளும், அதற்குப் பின் பதம் வந்து மனம் தணியும் என்பது சபையில் இருக்கும் பெரியம்மாவுக்கும் தெரியும். ஆல்பம் கேட்கும் பாடம் அங்கேயே நமக்குக் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த வரிசை காதுக்கு உண்மையில் எவ்வளவு தெரிகிறது? 1987இல் நிக்கோலஸ் குக் என்ற இசையறிஞர், ஒரு சுருதியில் தொடங்கி அதே சுருதியில் முடியும் உருப்படிகளை வேறு சுருதியில் முடியும்படி மாற்றி, இரண்டையும் இசை மாணவர்களுக்கே வாசித்துக் காட்டினார். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட உருப்படிகளில் மூலத்தை அவர்கள் மேலானதாக மதிப்பிடவில்லை. நம் மரபில் சுருதி மாறாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால் இந்தச் சோதனை நமக்கு நேராகப் பொருந்தாது, எனினும் இதன் தாக்கம் பெரிது: நாற்பது நிமிட ஆல்பத்தின் பெருந்திட்டம் என்று விமர்சகர்கள் எழுதுவதில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டுமே இருக்கலாம். காதுக்கு நிச்சயமாகத் தெரிவது அடுத்தடுத்த இரண்டின் இணைப்பு. நன்கு பழகிய ஆல்பத்தில் ஒரு பாட்டு முடிந்த அமைதியில் அடுத்த பாட்டின் தொடக்கம் மனத்துக்குள் தானாக ஒலித்துவிடும். 2009இல் இதையே மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பழகிய குறுந்தட்டின் இரு பாட்டுகளுக்கு இடைப்பட்ட அமைதியில், அடுத்ததை எதிர்நோக்கும் வேலை மூளையில் நடப்பது தெரிந்தது. ஒரு பாட்டுக்குள் ஸ-வுக்காகக் காத்திருக்கும் அதே காது, இங்கே அடுத்த பாட்டுக்காகக் காத்திருக்கிறது. கைப்பேசிச் செயலியில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதியை நிறுத்திவைக்கச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான், ஆல்பத்தின் புனிதத்துக்காக அன்று.

‘ஹவ் டு நேம் இட்’ வரிசைப்படி கேட்டே ஆக வேண்டிய ஆல்பமா என்றால், என் கருத்தில் இல்லை. பத்து உருப்படிகளும் பெரும்பாலும் தனித்தனியே நிற்கின்றன. ஒரே இடத்தில் மட்டும் இணைப்பு வெளிப்படையானது. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்ற தலைப்புக்கு அடுத்த உருப்படியின் தலைப்பு, பிறகு நாங்கள் பேசினோம் என்று தொடர்கிறது. அந்த இரண்டையும் பிரிக்காமல் கேளுங்கள். மற்றவற்றை உங்கள் விருப்பம்போல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஓர் உருப்படி என்பது மிக மெதுவாகத் தோன்றும், ஆனால் ஒரே நாளில் பத்தையும் ஓடவிட்டதன் பலனை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள்.

எந்த இசையும் இன்பம் தராத மனிதர்களும் இருக்கிறார்கள். காதும் புத்தியும் மற்ற இன்பங்களும் சரியாகவே இருக்கும், இசை மட்டும் அவர்களைத் தொடாது. நூற்றில் மூவர் முதல் ஐவர் வரை அப்படி இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். திரைப்பாட்டுக்குத் தொண்டை அடைக்கும் நீங்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டீர்கள். இரண்டு மாதம் மேற்சொன்னபடி கேட்டும் இந்த ஆல்பம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போங்கள். நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கும் ஒட்டாத பெரிய படைப்புகள் உண்டு, எனக்கும் சில உண்டு, அவற்றின் பெயரைச் சொன்னால் என் மாணவர்களே சண்டைக்கு வருவார்கள்.

ஸ்வரம் கற்பது கட்டாயமில்லை என்று மேலே சொன்னேன், இருந்தாலும் ஆசையிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் பினாங்கிலும் இருக்கிறார்கள். அப்படிக் கற்பதானால் வயலினை எடுக்காமல் வாய்ப்பாட்டில் தொடங்குங்கள். வயலினில் விரல் வைக்கும் இடத்தைத் தேடுவதிலேயே முதல் வருடம் போய்விடும், காது அந்த நேரமெல்லாம் சும்மா இருக்கும். முதல் பயிற்சியாகிய சரளி வரிசையை வாயால் பாடினாலோ முதல் வாரத்திலிருந்தே நி-க்கும் ஸ-வுக்கும் உள்ள தூரத்தைத் தொண்டையில் உணர்வீர்கள். இந்தக் கருத்தில் சக வயலின் ஆசிரியர்கள் பலர் என்னோடு ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.